அனுப்பக்

பதினாலுதான். தா, ய், மா, மா, வு, ட, ன் என்று இடது கையில் ஏழு, நடுவில் ஓர் இடைவெளி, அப்புறம் அ, னு, ப், ப, லா, ம் என்று ஆறு. முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் பதினாலுதான் வந்தது. இருபது எழுத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கும் கட்டத்துக்குள் பதினாலு எழுத்து நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? சௌடேஸ்வரி ஒரு பிள்ளையின் குறிப்புக் கட்டத்தில் மூன்றாவது முறையாக ‘தாய்மாமாவுடன் அனுப்பலாம்’ என்பதைக் கொண்டுவந்து ஒட்டினாள். கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக டொங் என்றது. அதே சின்னப் பெட்டி, அதே இங்கிலீஷ். இந்தக் கட்டம் ரொம்பச் சிறியது, கொஞ்சமாகப் போட்டுப் பார். கொஞ்சமாகப் போடுவதாம். ஒரு தாய்மாமனை இதற்கு மேல் எப்படிக் கொஞ்சமாகப் போடுவது? மாமா என்று மட்டும் போட்டால் தெருவில் போகிற யாரும் மாமாதான். சுவர்க் கடிகாரம் இரண்டு முப்பத்தைந்து காட்டியது. மத்தியானம் சாப்பிட்ட தக்காளி சாதம் நெஞ்சிலேயே நின்றது. உடுமலையிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது, அதுவும் பதினாலுதான், எதைத் தொட்டாலும் எண்ணிக்கைதான். பி.ஏ. தமிழ் படித்த காலத்தில் பிடித்த பழக்கம் இது. கல்யாணப் பத்திரிகை, பஸ் போர்டு, கடைப் பெயர், எதைக் கண்டாலும் விரல் தானாக மடங்கும். யாப்பிலக்கணப் பரீட்சையில் கல்லூரியிலேயே முதல் மார்க். அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணினாய் என்று புருஷன் கேட்பான். என்ன பண்ணினாள், எட்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பெயர்களில் எத்தனை எழுத்து என்று எண்ணினாள். அப்புறம் இந்த வேலை வந்தது.

பிரான்சிஸ் பஹ்ரைனுக்குப் போனதால் வந்த வேலை. பிள்ளைகளின் விவரம் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸைக் கட்டியவன் அவன்தான். கட்டி முடித்து, இரண்டு நாள் சொல்லிக்கொடுத்து, மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டான். இப்போது சந்தேகம் கேட்டால் வெள்ளிக்கிழமை லீவு நாளில் வாட்ஸாப்பில் பேசி அனுப்புவான், பின்னால் ஏசி இரைகிற சத்தத்தில் பாதி கேட்காது. போகட்டும், நல்ல பையன். டேபிள் என்றால் என்ன, ஃபார்ம் என்றால் என்ன, கட்டங்களை மாத்தற டிசைன் வியூவுக்குள் தேவையில்லாமல் போகாதீங்கக்கா என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். தேவையில்லாமல்தானே போகக் கூடாது? போன வியாழக்கிழமை தேவை வந்தது, போனாள். வத்சலா மேடம் கேட் லிஸ்ட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாளாளரும் அவளே, தலைமையாசிரியையும் அவளே. வேனில் போகாத பிள்ளைகள் அறுபத்தெட்டுப் பேர். எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு, யார் வருவார், கடைசியில் குறிப்பு. தினமும் காலையில் அச்செடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தால், பள்ளி விடும்போது அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பிள்ளையையும் வெளியே விடுவார். “ஏன் சௌடேஸ்வரி, இந்தக் கடைசிக் கட்டம் இத்தனை அகலமா எதுக்கு? மூணு பக்கம் போகுது. ஒரே பக்கத்துல அடக்க முடியாதா?” என்றாள். முடியாதா என்று கேட்டால் முடியும் என்று சொல்வதுதான் பதினாலு மாத வேலைக்கு அழகு. டிசைன் வியூவில் குறிப்பு என்ற வரியைத் தொட்டால் கீழே ஃபீல்டு சைஸ், கட்டம் கொள்ளும் எழுத்துக் கணக்கு, இருநூற்றைம்பத்தைந்து என்று இருந்தது. இருநூற்றைம்பத்தைந்து! ஒரு குறிப்புக்கா? அகலம் இதனால்தான் என்று அவளுக்குப் பட்டது. இருப்பதிலேயே நீளமான குறிப்பைத் தேடிப் பிடித்து விரல் மடக்கி எண்ணினாள். இடைவெளியோடு சேர்த்துப் பதினாறு. நாலு கூடவே கிடக்கட்டும் என்று இருபது போட்டாள். எவ்வளவு பொறுப்பாக, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் எண்ணிப் போட்டாள். சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்தது. சைஸைக் குறைத்திருக்கிறாய், சில தகவல்கள் தொலைந்துபோகலாம், பரவாயில்லையா? தொலையாது, எண்ணிவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். யெஸ்.

அந்த யெஸ் இப்போது மறுபடி ஞாபகம் வந்தது, எண்ணித்தானே போட்டோம் என்று அதை ஒதுக்கினாள். ஒதுக்கினாலும் அது போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேன் நாச்சிமுத்து அண்ணன் லிஸ்ட்டை நீட்டி, “ஏனுங்கம்மணி, புள்ளியெல்லாம் விழுகலீங்களே, அனுப்பலாம அனுப்பலாமன்னே போட்டிருக்குது” என்றார். அனுப்பலாம் என்பதில் மேலே இருக்க வேண்டிய புள்ளி முக்கால்வாசி வரிகளில் இல்லை. பிரிண்டர்தான், இங்க் தீர்ந்திருக்கும் என்றாள். கார்ட்ரிட்ஜைக் கழற்றித் துணியில் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், விரல் நுனியெல்லாம் கறுப்பாகி, சனிக்கிழமை தோசை சுடும்போதுகூட நகக் கண்ணில் மை இருந்தது. இன்று, திங்கட்கிழமை காலையும் புள்ளி விழவில்லை. அப்போதுகூட இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அதே காகிதத்தில் பிள்ளைகளின் பெயரில் புள்ளி இருந்தது, தலைப்பில் புள்ளி இருந்தது, ‘சைக்கிள்’ என்று மட்டும் இருந்த குறிப்புகளில்கூட எல்லாப் புள்ளியும் பொட்டு வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தது. இங்க் தீர்ந்த பிரிண்டர் அனுப்பலாம் என்ற ஒரு சொல்லை மட்டும் தேடிப் பிடித்தா புள்ளியைத் தின்னும்? இதைக் கேட்க நாலு நாள் ஆகியிருக்கிறது அவளுக்கு. குறிப்புக் கட்டத்தில் சும்மா ‘அப்பா’ என்று அடித்தாள். அழிக்கும் பொத்தானை ஒரு தரம் தட்டினாள். பா போகவில்லை. கால் மட்டும் போயிற்று, ‘அப்ப’ என்று நின்றது. இன்னொரு தரம் தட்டினாள், ப போயிற்று. இன்னொரு தரம், புள்ளி மட்டும் போயிற்று. மூன்று எழுத்துச் சொல்லை அழிக்க ஐந்து தட்டு. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிற ஜந்து அது. அவள் ஒன்று என்று விரல் மடக்கிய இடத்தில் எல்லாம் அது இரண்டு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. அப்படியானால் வியாழக்கிழமை அவள் பதினாறு என்று எண்ணியது பதினாறு இல்லை. எவ்வளவு? கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது, விரல் அதற்குள் மடங்க ஆரம்பித்திருந்தது. இருபத்தாறு வந்தது. ஆறு மிச்சம். அந்த ஆறு எங்கே?

டேபிளைத் திறந்தாள். அறுபத்தெட்டு வரி. அம்மாவுடன் அனுப்பலாம. அம்மாவுடன் அனுப்பலாம. தாத்தாவுடன் அனுப்பலா. சிரிப்பு வர வேண்டிய இடம், அனுப்பலையா என்று கேள்வி கேட்கிற தாத்தா. அண்ணனுடன் ஒழுங்காக அனுப்பலாம், அவனுக்கு எழுத்துக் குறைவு, தப்பித்தான். அம்மாவுடன் அனுப்பலாம. இருபது எழுத்துக்கு மேல் இருந்ததை எல்லாம் வியாழக்கிழமை ஒரே யெஸ்ஸில் கத்தரித்துத் தள்ளியிருக்கிறாள். புள்ளிதானே போயிருக்கிறது, அர்த்தம் போகவில்லையே என்று மூச்சு விட்டுக்கொண்டே கீழே இறங்கியவள், நாற்பத்தோராவது வரியில் நின்றாள். கனிஷ்கா, இரண்டு ஆ பிரிவு. வருபவர் மலர்க்கொடி. குறிப்பு: அப்பாவுடன் அனுப்பக். அவ்வளவுதான், அதற்கு மேல் கட்டம் காலி. அனுப்பக் என்று ஒரு சொல் தமிழில் தனியாக நிற்காது. அந்த க் எதற்கு வந்தது? பின்னால் க வரிசையில் ஒரு சொல் வரப்போகிறது, அதற்காக வந்தது. வல்லினம் மிகும் என்று வகுப்பில் எத்தனை தரம் எழுதியிருப்பாள். வர வேண்டியவர் வராமல், அவரை எதிர்பார்த்து வந்தவர் மட்டும் வாசலில் நிற்கிறார். அனுப்பக் கூடாது. கூ, டா, து. மூன்று எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஆறு. அந்த ஆறு இங்கே இல்லை. இப்படி இன்னும் இரண்டு வரி இருந்தது, ஆனால் அவள் கண் நாற்பத்தொன்றை விட்டு நகரவில்லை. எந்த மொழியில் வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம், இங்கிலீஷில் இருந்திருந்தால் வேண்டாம் என்பது முன்னாலேயே வந்து நின்றிருக்கும், வால்தான் போயிருக்கும். நாம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இல்லை என்பதைக் கடைசியில் வைக்கிறோம். கடைசியில் இருப்பதைத்தான் கத்தரி முதலில் எடுக்கும். காகிதத்தைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? அப்பாவுடன் அனுப்ப. அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடமே எழுதிக் கொடுத்த மாதிரி தெரியும்.

ஜூன் மாதம் கனிஷ்காவின் அம்மா இந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள். கோகிலவாணி என்று பெயர், நூல் மில்லில் வேலை, தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. கோர்ட்டுப் பேப்பர் ஜெராக்ஸை நாலாக மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். “போன வருசம் இவங்கப்பா பழைய ஸ்கூல் வாசல்லயே வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க மிஸ். பதினோரு நாளு எங்க வெச்சிருந்தாருன்னே தெரியல. போலீசு வெச்சுத்தான் மீட்டோம். திரும்பி வந்த புள்ள ஒரு மாசம் பேசவே இல்லீங்க. இப்பவும் பாத்ரூமுக்குள்ள நான் பாடிட்டே நின்னாத்தான் போவா” என்றாள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் சௌடேஸ்வரியை என்னவோ செய்தது, அவளே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்க பாத்துக்கறோம்மா, தைரியமா வேலைக்குப் போங்க என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கு. மூன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி நாலாம் வகுப்பில் படிக்கிற தன் மகனைக் கூட்டிப்போக வரும்போது இதையும் கூட்டிக்கொண்டு போவாள். மணி இரண்டு ஐம்பது. கேட்டுக்கும் அலுவலகத்துக்கும் நாற்பது அடி. எழுந்து போய் நாச்சிமுத்து அண்ணனிடம் சொன்னால் முடிந்தது. என்ன சொல்வது? லிஸ்ட் தப்பு என்று. எப்படித் தப்பாச்சு என்பார். அவர் கேட்காவிட்டாலும், பக்கத்து அறையில் இருக்கிற வத்சலா மேடம் சாயங்காலம் கேட்பாள், யார் பண்ணினது, யாரைக் கேட்டுப் பண்ணினாய், பெட்டி எச்சரித்ததாமே, படிக்கத் தெரியாதா? போன டிசம்பரில் டி.சி.யில் ஒரு பிறந்த தேதியை மாற்றி அடித்ததற்காக லைப்ரரி மிஸ்ஸை இதே அறையில் நிற்க வைத்துப் பேசியது சௌடேஸ்வரியின் காதில் இன்னும் இருந்தது. அந்த மிஸ் ஜனவரியில் வரவில்லை. வெள்ளிக்கிழமை? வெள்ளிக்கிழமையும் இதே லிஸ்ட்தானே கேட்டில் இருந்தது? வருகைப் பதிவை இழுத்துப் பார்த்தாள். இரண்டு ஆ, கனிஷ்கா, இன்று வந்திருக்கிறாள். வந்திருக்கிறாள்! அப்படியானால் வெள்ளிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை, அவன் வரவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. டேபிளைச் சரிசெய்து, புது லிஸ்ட் எடுத்து, புள்ளி சரியாயிடுச்சுண்ணா என்று சொல்லி மாற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. நாற்பது அடியை விட நாற்பது நிமிஷம் அவளுக்குக் கிட்டத்தில் இருந்த மாதிரி தோன்றியது.

டிசைன் வியூவுக்குப் போனாள். இருபதை அழித்து இருநூற்றைம்பத்தைந்து போட்டாள். டொங். இந்த டேபிளை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், இப்போது மாற்ற முடியாது. வேறு யார், மேடம்தான். மேடத்தின் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் ஃபார்ம் காலையிலிருந்து திறந்தே கிடக்கும், பார்க்கிறாளோ இல்லையோ மூடமாட்டாள். வியாழக்கிழமை மட்டும் பாவி எப்படியோ மூடி வைத்திருந்திருக்கிறாள். மூடாமல் இருந்திருக்கக் கூடாதா? சௌடேஸ்வரி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து அடுத்த அறை வாசலில் போய் நின்றாள். மேடம் போனில் யாருடனோ ஆண்டு விழா பந்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், ஒரு விரலை உயர்த்தி இரு என்றாள். இருந்தாள். மூன்று நிமிஷம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகத்தில் ரோஜா நிற பாலிஷ், ஓரத்தில் உரிந்திருந்தது. சொல்லிவிடலாம், இப்போதே, மேடம் ஒரு தப்பு நடந்துபோச்சு என்று. “என்ன?” என்றாள் மேடம், போனைக் கையால் பொத்திக்கொண்டு. “ஒண்ணுமில்ல மேடம், பிரிண்டர்ல ஒரு சின்னப் பிரச்சனை. உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபார்மை மட்டும் கொஞ்சம் மூடிடறீங்களா?” மேடம் மூடினாள். திரும்பி நாற்காலிக்கு வந்து மறுபடி டிசைன் வியூவைத் திறந்தாள். இருநூற்றைம்பத்தைந்து. சேமி. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. ஓடிப்போய் நாற்பத்தோராவது வரியைப் பார்த்தாள். அப்பாவுடன் அனுப்பக். சைஸ் பெரிதானால் சொல் திரும்பி வரும் என்று எந்த மடையன் சொன்னான்? யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் நம்பினாள். முடியை வெட்டிவிட்டு நீளமாக ரிப்பன் வாங்கின கதை. பழைய காப்பி பிரான்சிஸ் வைத்த பென்டிரைவில் இருக்கும், பென்டிரைவ் எங்கே இருக்கும் என்பது பிரான்சிஸுக்குத்தான் தெரியும்.

விண்ணப்பத் தாள்கள் பீரோவில் இருந்தன. கையால் எழுதினது, பெற்றோர் கையெழுத்துப் போட்டது, அதில் கத்தரி படவில்லை. கனிஷ்காவின் வரியில் என்ன இருந்தது என்று தெரியும், மற்ற இரண்டு பேருக்கும் தாளைப் பார்க்காமல் எப்படி அடிப்பது? அம்மாவுடன் அனுப்பக் என்று ஒரு பையனுக்கு இருந்தது. கூடாதுதானா? கூடும் என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆனாலும் தெரியாதே, ஒரு தாயைப் பற்றியது, ஊகித்து எழுதலாமா? கட்டுக் கட்டாக எடுத்துத் தரையில் பரப்பினாள். தூசி மூக்கில் ஏறியது. தன் அப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது அந்த டாக்டரின் மேஜையில் இப்படித்தான் தாள்கள் பரந்து கிடந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்கப்பாவைக் காப்பாத்த” என்றார், உடனே மேஜை மேல் இருந்த போன் அடித்தது, எடுத்து வேறு யாருக்கோ ஏதோ மருந்து பேர் சொன்னார், எழுத்துக் கூட்டிச் சொன்னார், அது ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் அவளுடைய அப்பா பிழைத்திருந்தார். வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, மறுபடி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிட்டார். போனை வைத்துவிட்டு, “முடியலம்மா” என்றார் டாக்டர். ஏன் இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது, நேரமில்லை, எங்கே அந்தத் தாள்? இதோ, இது மூன்றாம் வகுப்பு, இது இல்லை. வெளியே மணி அடித்தது. ஏழாவது பீரியட் முடிந்திருக்கும். இதோ கனிஷ்கா, கோர்ட்டுப் பேப்பரோடு பின் அடித்து. அப்பாவுடன் அனுப்பக் கூடாது, அடியில் கோகிலவாணியின் கையெழுத்து, பால்பாயிண்ட் காகிதத்தைக் குத்தும் அளவுக்கு அழுத்தி. மற்ற இரண்டும் கிடைத்தன. அவையும் கூடாதுதான். மூன்று வரியையும் அடித்தாள், ஒவ்வொரு கூடாதையும் அடித்த பிறகு ஒரு தரம் வாசித்துப் பார்த்தாள். அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் இழுத்து, யோசித்து, முனகி, முதல் பக்கத்தை வெளியே தள்ளத் தொடங்கியது. அப்போதுதான் ஜன்னல் வழியாகக் குழந்தைகளின் சத்தம் காதில் விழுந்தது. ஏழாவது பீரியட் முடிந்தால் பிள்ளைகள் வகுப்பில்தானே இருப்பார்கள், வாசலில் என்ன சத்தம்? சாலையில் பாலம் வேலை நடக்கிறது, கூட்டம் சேர வேண்டாம், ஒன்றாம் இரண்டாம் வகுப்பு மட்டும் இன்று முதல் மூன்று பத்துக்கே விடப்படும். அந்தச் சர்க்குலர். போன புதன்கிழமை அதை அடித்தது யார்? மூன்று பத்து என்பதில் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணினாளே. கடிகாரம் மூன்று பதினெட்டு. மலர்க்கொடி மூன்றரைக்குத்தான் வருவாள். இடையில் இருபது நிமிஷம் அந்தப் பிள்ளை கேட்டில் தனியாக, கையில் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு ஒரு வாட்ச்மேனும். பாதி அச்சான தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பது அடி. ஒரு செருப்பு படியிலேயே கழன்று நின்றுவிட்டது. முதலிலேயே இந்த நாற்பது அடியை நடந்திருந்தால், இரண்டு ஐம்பதுக்கே நடந்திருந்தால் என்று ஒவ்வொரு அடியும் சொன்னது.

கேட்டில் அந்த ஆள் நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடி நாச்சிமுத்து அண்ணனிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, கையில் பேக்கரிப் பொட்டலம். யார் பார்த்தாலும் மகளைக் கூட்டிப்போக வந்த அப்பா என்றுதான் சொல்வார்கள், அப்பாவும்தான். கனிஷ்கா சின்னக் கதவுக்குப் பக்கத்தில், பை இரண்டு தோளிலும் மாட்டி, தண்ணீர் பாட்டில் கழுத்தில் தொங்க, நின்றுகொண்டிருந்தாள்.

“கூடாது!” என்று கத்தினாள் சௌடேஸ்வரி. மூச்சு வாங்கியது. “அண்ணா, கூடாது. அந்தப் பொண்ணை அனுப்பக் கூடாது.”

அவன் திரும்பி நிதானமாகச் சிரித்தான். “ஏனுங்க மிஸ், உங்க பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே. நானா எழுதுனேன்?”

“ஆமாங்கம்மணி,” என்றார் நாச்சிமுத்து அண்ணன் குழப்பத்தோடு. லிஸ்ட்டில் அந்த வரியின் மேல் அவருடைய பென்சில் டிக் இருந்தது. “அப்பாவுடன் அனுப்பன்னு இருந்துச்சு. கடேசில ஒரு எழுத்து என்னமோ மாதிரி இருந்துச்சு, பிரிண்டருன்னு நீங்கதான சொன்னீங்க.”

சத்தம் கேட்டு வத்சலா மேடம் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் இன்னும் போன். “என்ன சௌடேஸ்வரி இது? பிரிண்டர்ல சின்னப் பிரச்சனைன்னுதானே சொன்னீங்க?”

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட இன்னும் இடம் இருந்தது. அவளுக்கே அது தெரிந்தது, அது தெரிந்ததுதான் அவமானமாக இருந்தது. “பிரிண்டர் இல்ல மேடம். வியாழக்கிழமை நான்தான் டேபிளைக் குறைச்சேன். மூணு குழந்தைங்களுக்குக் கூடாதுங்கற வார்த்தை வெட்டுப்பட்டுப் போச்சு. ரெண்டு அம்பதுக்கே எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துட்டு உள்ள உக்காந்து சரிபண்ணிட்டு இருந்தேன்” என்றாள். மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த, விண்ணப்பத்தோடு பின் அடித்த கோர்ட்டுப் பேப்பரை அந்த ஆளின் முன் நீட்டினாள், அது எப்படிக் கையில் வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அவன் அதை வாங்கவில்லை, பார்க்கவும் இல்லை, ஏற்கனவே பார்த்தவன்தானே. “உங்க மேல கேசு போடறேன், பாருங்க” என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னான், குரல் அப்போதும் உயரவில்லை. மகளைப் பார்த்துப் பொட்டலத்தை நீட்டினான். அவள் கை நீட்டவில்லை. வாட்ச்மேனின் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். ஸ்கூட்டர் சத்தம் பாலம் வேலை நடக்கிற பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

“உள்ளே வாங்க, பேசணும்” என்றாள் மேடம். சௌடேஸ்வரி தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. நாச்சிமுத்து அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். “புள்ள மொதல்ல வரமாட்டேன்னுதாங்க நின்னுச்சு. எங்க போட்டிருக்குது, காட்டுங்கன்னு கேட்டுச்சு. காட்டுனேன். எழுத்துக் கூட்டிப் படிச்சுது. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. பையை எடுத்து அதுவே மாட்டிட்டு வந்து நின்னுச்சுங்க.”

சௌடேஸ்வரி குழந்தையின் முன் மண்டி போட்டு உட்கார்ந்தாள். மண்ணில் முட்டி உறுத்தியது. கனிஷ்கா அவளைப் பார்க்காமல், மேஜை மேல் இருந்த பழைய லிஸ்ட்டையே பார்த்தாள்.

“மிஸ், அம்மாதான் அப்பிடி எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல கண்ணு. அம்மா அனுப்பக் கூடாதுன்னுதான் எழுதுனாங்க. மிஸ்தான் தப்புப் பண்ணிட்டேன். இதோ பாரு, அம்மா கையெழுத்து.”

கனிஷ்கா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு லிஸ்ட்டைப் பார்த்தாள். இரண்டும் காகிதம்தான். சரி என்று தலையாட்டினாள், பெரியவர்கள் சொன்னால் ஆட்டுகிற மாதிரி. பாரமாக இருக்கும் என்று சௌடேஸ்வரி பையைக் கழற்றப் போனபோது, இரண்டு பட்டைகளையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா வரட்டும் மிஸ்,” என்றாள். “அம்மா சொல்லட்டும்.”

கோகிலவாணிக்கு ஷிஃப்ட் முடிய ஆறு மணி ஆகும்.